இரண்டிலிருந்து நான்குவரை

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
காரைக்கூட ராத்திரி முழுக்கச்
சுவர் பிளக்கில் செருகி வைத்தால்தான்
விடிந்ததும் உறுமும்.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
சர்வர் ரேக்கின் முன்பக்கம் மார்கழி,
முதுகுப்பக்கம் சித்திரை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எக்ஸ்ரே படங்களின் டிஸ்க்
தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது.
பனியில் வழுக்கிய மணிக்கட்டுகள்,
ஹாக்கிப் பையன்களின் காறை எலும்புகள்,
ஊர் விழுந்த விழுகையெல்லாம்
இந்தப் பெட்டிக்குள்.
இரண்டிலிருந்து நான்குவரை
நிறுத்தி வைக்க அனுமதி.
கையெழுத்து: டாரன் வீப், மேலாளர்.
இந்நேரம் குறட்டை விடுபவர்.

புது டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினேன்.
க்ளிக்.
பட்டியலில் எஸ்.டி.சி. என்று வந்தது.
அதை நம்பக் கூடாது.
இன்று எஸ்.டி.சி., அடுத்த முறை எழும்போது எஸ்.டி.பி.
எந்த வரிசையில் கண்ணில் பட்டதோ
அந்தப் பெயர்.
நான் இந்த நாட்டில் இறங்கிய நாளில்
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
அப்பா போய் உட்கார்ந்துகொண்டார்.
அன்றிலிருந்து
காவலாளி பெர்னிக்கு நான் மிஸ் நயினார்.
குழலி என்பது அடையாள அட்டையில்
ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

பிரித்தேன்.
முதலிலிருந்து கடைசிவரை ஒரே பாகம்.
எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க
மூன்று வக்கீல், ஒன்பது வருஷம்,
கடைசியில் கிணற்றின் நடுவே ஒரு கோடு.
இங்கே நாலு எண்டர், ஒரு டபிள்யூ.
ஃபார்மட் முடிந்ததும்
முப்பத்தாறு எழுத்தில் அதற்கொரு பெயர் கிடைத்தது.
வாயில் நுழையாது,
மாறவும் மாறாது.

மவுண்ட் செய்து திறந்து பார்த்தேன்.
யாரும் கால் வைக்காத வெட்டவெளியில்
அதற்குள் ஒரு ஃபோல்டர்:
லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்.
இன்னும் ஒன்றுமே வைக்கவில்லை,
தொலையப் போவதற்கு இடம் போட்டாயிற்று.
விவரமான ஆட்கள்தான் என்று
சிரித்துக்கொண்டே மேலே பார்க்கிறேன்,
வரியின் முடிவில்
மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

இரண்டில்தான் இந்த வருஷத்துப் படம் முழுக்க இருந்தது.

திரும்பப் பட்டியல் கேட்டேன்.
லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்.
இன்னொரு தரம் கேட்டேன்.
அதே.
பதினொரு மணிக்கு
சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து வந்த
ஏழு வயதுக்காரனின் முழங்கை,
காலை ஆறுக்கு டாக்டர் பார்க்க வேண்டியது,
இல்லை.

பதினொரு வருஷமாக எனக்குத் தெரியும்.
மேலே ஏறி உட்கார்ந்தது மறைக்கும், அழிக்காது.
அண்டாவைத் தட்டால் மூடினால்
தண்ணீர் வற்றிவிடாது.
தெரிந்தது மூளைக்கு.
வயிற்றுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.
அன்மவுண்ட் கட்டளையில்
ஓர் 'என்' எழுதாமல் விட வேண்டும்.
நடுங்கிய விரல்
அதை மட்டும் சரியாக விட்டது.

வந்துவிட்டன.
மணிக்கட்டு, காறை, விலா, விலா, விலா.
பையனின் முழங்கையைத் திறந்தே பார்த்தேன்
(பார்க்கக் கூடாதுதான்).
கரும்பலகையில் சாக்பீஸ் முறிந்த மாதிரி
மெல்லிசாய் ஒரு கோடு.
அவ்வளவு சந்தோஷமாக
யாரும் ஒரு முறிவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு மூன்று.
எழுத்தெழுத்தாய், உதட்டசைத்து.
அந்த நீளப் பெயரை அட்டவணையில் ஏற்றி,
எல்லாவற்றையும் மவுண்ட் செய் என்று
ஒரு சோதனை.
பதிலே இல்லை, வெறும் கர்ஸர்.
சரியாக இருந்தால் வாய் திறக்காது,
தப்பென்றால்தான் பேசும்.
வீப்பும் அப்படித்தான்.

மூன்று ஐம்பத்திரண்டு.
அறிக்கையில் எழுதினேன்:
பணி முடிந்தது, இடையூறு இல்லை.

வெளியே மூச்சு இமையில் உறைந்தது.
கார் ஒரே சாவியில் எழுந்துவிட,
ரிவர்ஸ் எடுத்துப் பத்தடி வந்திருப்பேன்.
கையை ஆட்டிக்கொண்டு
பனியில் தத்தித் தத்தி ஓடி வருகிறான் பெர்னி:
"மிஸ் நயினார்! வயர்! வயர்!"